நாலும் நாலும் நாலு

பிப்ரவரி 6

வாண்டுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம், கம்ப்யூட்டரைத் தவிர.

போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் உன் அம்மா போட்ட சட்டம் உனக்கும் தெரியும். "நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசினா ஒருத்தர் முடிக்கிறதுக்குள்ள இன்னொருத்தர் ஆரம்பிக்கிறீங்க. கடுதாசி எழுதுங்க. அப்பவாவது ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் வாயை மூடிக்கிட்டு இருப்பீங்க." நான் கம்ப்யூட்டர் என்று வாயெடுத்தாலே போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். ஆகவே பில் எழுதுவதைத் தவிர வேறு எதற்கும் பேனா பிடிக்காத கை இப்போது பேனா பிடித்திருக்கிறது. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள். சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பாதே.

விஷயம் இதுதான். நீ விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரில் நாலு ஜிபி ரேம் இருந்தது. நான் இன்னொரு நாலு ஜிபி வாங்கி மாட்டினேன். எவ்வளவு இருக்கிறது என்று எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார். வலது பொத்தானை அழுத்த வேண்டுமாம். எனக்கு வலதா, மௌஸுக்கு வலதா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது. அழுத்தி, திறந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், நாலு என்றே காட்டுகிறது. நாலும் நாலும் எட்டு என்று நான் படித்த வகுப்பு வரைக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் படித்தவர்களுக்கு மாற்றிவிட்டார்களா தெரியவில்லை.

இதை உனக்காக வாங்கினேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் கணக்கெல்லாம் இப்போது கம்ப்யூட்டரிலேயே போடுகிறார்களாம். நம் கடைக்கு உதவுமே என்று வாங்கினேன். நீ வரைகிற மோட்டார் படம் பாதியில் தானாக மூடிக்கொள்கிறது, ரேம் பத்தவில்லை என்று போன லீவில் நீ அம்மாவிடம் மூக்கைச் சிந்தியது என் காதில் விழவே இல்லை. நான் அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

மாட்டியதும் நானேதான். பக்கத்து லேத்துக்காரர், "எதுக்குய்யா வம்பு, கடைக்காரனையே மாட்டச் சொல்லேன்" என்றார். எரிந்துபோன மோட்டாரின் வயிற்றைத் திறந்து செம்புக் கம்பிக் காயில் இறக்குகிறவனுக்கு ஒரு தகரப் பெட்டியைத் திறக்க ஆள் வேண்டுமா? அதுவும் ரேம் மாட்டுகிற பள்ளத்துக்குப் பெயர் ஸ்லாட்டாம். மோட்டாரில் ஸ்லாட் ஸ்லாட்டாகக் கம்பி இறக்கித்தானே இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது? எனக்கு ஒரே தைரியம் வந்துவிட்டது. செய்ய வேண்டியதையெல்லாம் முறைப்படி செய்து மாட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, கச்சிதமாக, கொஞ்சம் இறுக்கமாகவே போய் உட்கார்ந்தது.

ஆனாலும் நாலு.

நேரம் கிடைத்தால் பதில் போடு. கோபம் இருந்தால் அதை ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, மறுபக்கத்தில் கம்ப்யூட்டரைப் பற்றி எழுது.

அப்பா


பிப்ரவரி 11

அப்பா,

கோபம் ஒரு பக்கத்தில் அடங்காது. அதனால் அதை விட்டுவிட்டேன்.

வைண்டிங் கணக்குக்கு எட்டு ஜிபி எதற்கு? கால்குலேட்டர் சொன்ன விடையையே விரல் விட்டு எண்ணிச் சரிபார்க்கிறவர் நீங்கள். சரி, கடைக்கே இருக்கட்டும். எனக்கும் அது வேண்டியிருக்கிறது என்பதால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

அந்த மோட்டார் படத்தை முழுசாக முடித்து மார்ச் கடைசிக்குள் அனுப்பினால்தான் டிசைன் படிப்புக்கு என்னைச் சேர்ப்பார்கள். படமும் அதை வரைகிற சாஃப்ட்வேரும் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. இங்கே ஹாஸ்டலில் கம்ப்யூட்டர் இல்லை. கம்பெனி கம்ப்யூட்டரில் சொந்த வேலை பார்த்தால், ஸ்டோரில் நட்டு போல்ட்டு எடுத்துக்கொடுக்கிற இந்த வேலையும் போய்விடும். (போனால் போகட்டும் என்று நான் சொன்னதற்குத்தானே அன்று அத்தனை சத்தம் போட்டீர்கள்.) மார்ச் நடுவில் லீவு போட்டு வருகிறேன். அந்த மோட்டாரின் பாகங்கள் தனித்தனியாகத் திறக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறி மூடிக்கொள்கிறது. அப்போதும் மூடிக்கொண்டால், இந்த வருடம் எனக்கு அவ்வளவுதான். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: நாலு என்று பார்த்தீர்களே, அதே திரையில் அதற்கு அடுத்த வரியைப் பாருங்கள். 32 என்று இருக்கிறதா, 64 என்று இருக்கிறதா? 32 என்றால் அது நாலுக்கு மேல் எண்ணத் தெரியாத சிஸ்டம். நீங்கள் மூட்டை மூட்டையாக ரேம் கொண்டுவந்து கொட்டினாலும் நாலு என்றுதான் சொல்லும். சிஸ்டத்தையே மாற்ற வேண்டும். 64 என்றால் கோளாறு வேறெங்கோ.

வேறெதையும் தொட வேண்டாம்.

மகள்


பிப்ரவரி 15

வாண்டு,

64.

எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் ஏமாற்றம். 32 என்று இருந்திருந்தால் காரணம் தெரிந்துபோயிருக்கும். நாலுக்கு மேல் எண்ணத் தெரியாத ஆள் என்றால் அதன் மேல் எனக்குக் கோபம்கூட வந்திருக்காது. நம் குடும்பத்திலேயே அப்படி ஆட்கள் உண்டு. ஆனால் இது எண்ணத் தெரிந்தும் எண்ண மாட்டேன் என்கிறது.

உண்மையைச் சொன்னால், இந்த விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டது. கடையில் ஃபேன் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதுகூட அதே யோசனைதான். உள்ளே இருக்கிற ஒன்று எப்படி இல்லாமல் போகும்? கண்ணால் பார்க்கிறேன், கையால் தொடுகிறேன், ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கேட்டால் இல்லவே இல்லை என்கிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளியை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு, யாருமே வரலையே என்று சொல்கிற மாதிரி.

லேத்துக்காரர் ஒரு காரணம் சொல்கிறார். "பழைய ரேமும் புது ரேமும் ஒத்துப்போகலைய்யா. மாமியாரும் மருமகளும் மாதிரி. ஒண்ணு பேசினா இன்னொண்ணு பேசாது." "உன் வீட்டுக் கதையை என் கம்ப்யூட்டர்ல ஏத்தாதே" என்று சொல்லி அனுப்பினேன். அப்படியும் இருக்குமா? எழுது.

சந்தோஷமாக இருக்கும் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை அம்மா சத்தமாகப் படித்தாள், இரண்டு தடவை. நான் அன்றைக்குச் சொன்னதெல்லாம், கையில் இருக்கிற வேலையை விடாதே என்பதுதான். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலை. என்னை மாதிரி, யார் வீட்டு மோட்டார் எப்போது எரியும் என்று ஊரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று பார்த்தேன். அடுத்தவன் மோட்டார் எரிந்தால் அப்பா முகத்தில் சிரிப்பு வருகிறது என்று நீயே சின்ன வயதில் ஆசிரியையிடம் சொல்லிவிட்டு வந்தவள்.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுது. வேறெதையும் தொடவில்லை. தூசி மட்டும் தட்டினேன்.

அப்பா


பிப்ரவரி 20

அப்பா,

தூசியையும் தட்ட வேண்டாம்.

லேத்து மாமா சொன்னதில் பாதி சரி. இரண்டு ரேமும் ஒரே ஜாதியாக இருக்க வேண்டும். ஆனால் ஒத்துப்போகாத ரேம் ஸ்லாட்டிலேயே நுழையாது, இல்லாவிட்டால் கம்ப்யூட்டரே எழுந்திருக்காது. சும்மா உட்கார்ந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது அபூர்வம்.

மோட்டார் ஓடவில்லை என்று யாராவது தூக்கிக்கொண்டு வந்தால், பிரிப்பதற்கு முன் சப்ளை எது வரைக்கும் வருகிறது என்று பார்ப்பீர்களே, அதே மாதிரி பார்க்கலாம். இங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் போர்டு. சுவிட்சைப் போட்டதும் முதலில் முழித்துக்கொண்டு, என்னென்ன மாட்டியிருக்கிறது என்று எண்ணுகிறவர். இன்னொருவர் நாம் திரையில் பார்க்கிற சிஸ்டம். போர்டு எண்ணிக்கொடுத்ததை வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவர். எட்டு எங்கே நாலாகிறது? போர்டிலா, சிஸ்டத்திலா?

முதலில் சிஸ்டம். கீபோர்டில் ஜன்னல் படம் போட்ட பொத்தானையும் R எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வருகிற கட்டத்தில் msconfig என்று அடியுங்கள். Boot என்ற தலைப்பு, அதில் Advanced options. அங்கே Maximum memory என்பதற்குப் பக்கத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த டிக் இருந்தால், இதற்கு மேல் எடுத்துக்கொள்ளாதே என்று நாமே சிஸ்டத்துக்குக் கட்டுப்பாடு போட்டதாக அர்த்தம்.

அப்புறம் போர்டு. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, போட்டதும் Delete பொத்தானை டொக்கு டொக்கு என்று தட்டிக்கொண்டே இருங்கள். நீலத் திரை வரும். பயப்பட வேண்டாம். அதில் எந்த ஸ்லாட்டில் என்ன இருக்கிறது என்று போட்டிருக்கும். அதை அப்படியே எழுதுங்கள்.

மூன்றாவதாக, கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, இரண்டு ரேமையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். புதியதை மட்டும் தனியாகவும் போட்டுப் பாருங்கள்.

ஆசிரியையிடம் நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. ஆனால் உங்கள் முகத்தில் சிரிப்பு வந்தது நிஜம்.

மகள்


பிப்ரவரி 25

வாண்டு,

எல்லாம் செய்தாயிற்று. செய்தி நல்லதாக இல்லை.

டிக் இல்லை. யாரும் எந்தக் கட்டுப்பாடும் போடவில்லை. நீலத் திரைக்குப் போக நாலைந்து தடவை தட்ட வேண்டியிருந்தது. தட்டிய தட்டில் அம்மா எட்டிப் பார்த்து, "கம்ப்யூட்டர்ல என்னங்க ஆணி அடிக்கிறீங்க?" என்றாள். கடைசியில் வந்தது. முதல் ஸ்லாட்டில் நாலு ஜிபி என்று போட்டிருக்கிறது. இரண்டாவது ஸ்லாட், காலி.

காலி! ஆள் உட்கார்ந்திருக்கிறார், நாற்காலி காலி என்கிறது.

இடம் மாற்றிப் போட்டேன். பழையது எந்த ஸ்லாட்டில் இருந்தாலும் நாலு. புதியது எந்த ஸ்லாட்டில் இருந்தாலும் காலி. புதியதை மட்டும் தனியாகப் போட்டால் படமே வரவில்லை, குஞ்சைத் தொலைத்த கோழி மாதிரி கீச் கீச் என்று கத்துகிறது.

ரேம் விற்ற கடைக்காரரையே வீட்டுக்கு இழுத்து வந்தேன். அவர் தன்னுடைய ரேம் ஒன்றை எடுத்து அதே ஸ்லாட்டில் போட்டார். எட்டு! உன் அம்மா கை தட்டினாள். நான் தட்டவில்லை.

"பாருங்க சார், உங்க கம்ப்யூட்டர்ல ஒரு குறையும் இல்ல" என்றார்.

"அப்ப நீங்க குடுத்த சரக்குதான் செத்தது."

"என்ன சார் பேசுறீங்க? உங்க கண்ணு முன்னாடி கடையில போட்டுக் காட்டித்தானே குடுத்தேன். காட்டுச்சா இல்லையா?"

"காட்டுச்சு."

"அப்புறம் வீட்டுக்குக் கொண்டுவந்து என்ன பண்ணீங்க?"

என்னைப் பார்த்து என்ன பண்ணீங்க என்று கேட்கிறார்! தொழில்காரன் கை என்று சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ரேமைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், தூரக் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு கீறல்கூட இல்லையே சார். கடையில இருந்ததைவிடப் பளபளன்னு இருக்கே" என்றார். பளபள என்று இருந்தால் அதற்கும் நான்தான் காரணமா? மாற்றித்தர மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தன் ரேமைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். மறுபடியும் நாலு.

எனக்கு மனசே சரியில்லை. வேறு ரேம் உடனே வாங்கலாம் என்றால், இந்த மாதிரி அவரிடம் இருந்தது இதோடு சரி, அவர் போட்டுக் காட்டியது அவருடைய சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதாம். இனி வெளியூரிலிருந்து வரவழைக்க ஏப்ரல் ஆகுமாம். நீ வேறு லீவு போட்டு வருகிறேன் என்கிறாய். இவ்வளவு தூரம் வந்து வெறும் கையோடு போவானேன்? இந்தப் படிப்பை அடுத்த வருஷம் பார்த்துக்கொண்டால் ஆகாதா? கேட்கத்தான் கேட்கிறேன்.

அப்பா


மார்ச் 1

அப்பா,

"அடுத்த வருஷம் பார்த்துக்கொண்டால் ஆகாதா." அன்றைக்கும் இதையேதான் சொன்னீர்கள். போன வருடமும் சொன்னீர்கள். கேட்கத்தான் கேட்கிறேன் என்று பின்னால் ஒட்டவைத்திருப்பது மட்டும்தான் புதுசு. ஒரு நிமிடம் எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது, என்னை நிறுத்துவதற்காகத்தான் இந்த ரேம் கதையே நடக்கிறதோ என்று. இந்தக் கடிதத்தை எழுதாமலே விட்டுவிடலாம் என்று சாப்பிடப் போய்விட்டேன்.

சாப்பிட உட்கார்ந்தால் சாப்பாடு இறங்கவில்லை. கோபத்தால் இல்லை. உங்கள் மகளாகப் பிறந்த குற்றம், அந்த ரேம் என்னையும் பிடித்துக்கொண்டுவிட்டது.

யோசித்துப் பாருங்கள். கடையில் வேலை செய்திருக்கிறது. நீங்களே பார்த்தீர்கள். நம் ஸ்லாட்டும் நன்றாக இருக்கிறது. அவருடைய ரேம் அதில் வேலை செய்திருக்கிறது. கீறல் இல்லை, உடைசல் இல்லை. அப்படியென்றால் கடைக்காரரின் மேஜையிலிருந்து நம் வீட்டு ஸ்லாட் வரைக்கும், நடுவில் அதற்கு ஏதோ நடந்திருக்கிறது. அந்த வழியெல்லாம் அது இருந்தது உங்கள் கையில்தான். கடைக்காரர் கேட்ட கேள்வியில் தப்பில்லை அப்பா. கேட்ட விதம்தான் தப்பு. நான் வேறு விதமாகக் கேட்கிறேன்.

முதல் கடிதத்தில் "செய்ய வேண்டியதையெல்லாம் முறைப்படி செய்து" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முறை என்ன? பாக்கெட்டைக் கையில் வாங்கியதிலிருந்து, பெட்டியை மூடி ஸ்க்ரூ போட்டது வரைக்கும், உங்கள் கை செய்ததை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். இதையெல்லாம் எழுதுவார்களா என்று எதை நினைக்கிறீர்களோ, அதைக் கட்டாயம் எழுதுங்கள்.

நான் லீவை ரத்து செய்யப் போவதில்லை. பதினாறாம் தேதி காலையில் வருகிறேன்.

மகள்


மார்ச் 5

வாண்டு,

நீ எழுதியதை அம்மா இந்தத் தடவை சத்தமாகப் படிக்கவில்லை. படித்துவிட்டு என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது இன்னும் மோசம்.

உன்னை நிறுத்த வேண்டும் என்றால் எதற்கடி நான் ரேம் வாங்குகிறேன்? சும்மா இருந்தாலே போதுமே. அது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும் என்று உன் அம்மா அடிக்கடி சொல்வாள். கடைக் கணக்குக்கு என்று எழுதினேன் அல்லவா, அதைக் கேட்டுவிட்டு லேத்துக்காரர்கூடச் சிரித்தார். "உன் கணக்குக்கு எட்டு ஜிபியா? உனக்கு எட்டுக் கட்டம் போட்ட காகிதம் போதுமேய்யா" என்றார். போதும், இதற்கு மேல் என்னை எழுதவைக்காதே.

நீ கேட்டபடி எல்லாம் எழுதுகிறேன்.

கடைக்காரர் ரேமைச் சின்னப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். சட்டைப் பையில் வைத்தால் வேர்வை பட்டுவிடும் என்று கைக்குட்டையில் சுற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன், யாராவது மேலே சாய்ந்துவிட்டால்? வீட்டுக்கு வந்து கையை சோப்புப் போட்டுக் கழுவினேன். துடைத்தேன். ஈரம் போக இன்னொரு தடவை துடைத்தேன். பெட்டியைத் திறந்து ரேமை வெள்ளைத் துணி மேல் வைத்தேன். ஓரத்தை மட்டும் பிடித்தேன். கடைக்காரர் அப்படித்தான் பிடிக்கச் சொன்னார்.

வெளிச்சத்தில் பார்த்தேன். பச்சைப் பட்டை, அதன் மேல் கறுப்புக் கறுப்பாகச் சில்லுகள். வேலை சுத்தமாக இருந்தது, ஒன்றைத் தவிர. கீழ் ஓரம் முழுக்க, இரண்டு பக்கமும், பல் வரிசை மாதிரி தங்கக் கலரில் உலோகம் வெறுமையாக விட்டிருந்தார்கள். ஒரு பல்லுக்கும் இன்னொரு பல்லுக்கும் நடுவில் முடி அளவு இடைவெளி. மூடவே இல்லை. கம்பெனியில் அவசரம் போல. ஈரக் காற்று பட்டாலே ஒன்றோடொன்று ஷார்ட் ஆகிவிடாதா? சரி, நாம் எதற்கு இருக்கிறோம் என்று நம் கடையிலிருந்து, காயில் கம்பிக்குப் பூசுகிற நல்ல வார்னிஷை எடுத்து வந்தேன். டப்பா அடியில் கிடக்கிற பழசு இல்லை, பெரிய மோட்டாருக்குப் போடுகிற உயர்ந்த ரகம். மெல்லிய தூரிகையில் தொட்டு, இரண்டு பக்கமும் ஒரே சீராக ஒரு கோட் கொடுத்தேன். ஒரு சொட்டுகூட மேலே ஏறவில்லை. என் வேலையைப் பார்த்து எனக்கே ஆசையாக இருந்தது. ஜன்னலில் வெயில் படும்படி வைத்தேன். நாற்றம் தாங்கவில்லை என்று அம்மா அதைத் தள்ளிவைக்கச் சொன்னாள். காய்ந்ததும் விரலால் தடவிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது.

அப்புறம் இன்சுலேஷன் பார்க்கிற மீட்டரை வைத்துப் பார்க்கலாம் என்று எடுக்கப் போனால், அதை லேத்துக்காரர் வாங்கிக்கொண்டு போயிருந்தார். அதனால் அந்த ஒரு வேலை மட்டும் விட்டுப்போயிற்று. அதுதான் காரணமாக இருக்குமோ?

பிறகு கரண்ட் வயரைப் பிடுங்கினேன். பெட்டியைத் திறந்தேன். ஸ்லாட்டின் இரண்டு பக்கக் கொக்கியையும் விலக்கினேன். ரேமின் நடுவில் இருக்கிற வெட்டைப் பார்த்துத் திசை சரிபார்த்தேன். இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன். கொக்கிகள் டக் என்று மூடின. பெட்டியை மூடினேன். நாலு ஸ்க்ரூவும் திரும்பப் போட்டேன், ஒன்றுகூட மிச்சமில்லை.

இவ்வளவுதான். இதில் எங்கே தப்பு சொல்.

அப்பா


மார்ச் 8

அப்பா!

அப்பா அப்பா அப்பா.

ஸ்டோரில் நின்றுகொண்டே உங்கள் கடிதத்தைப் படித்தேன். வார்னிஷ் வந்த இடத்தில் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த வாஷர் டப்பா கொட்டிவிட்டது. சூப்பர்வைசர் ஓடிவந்தார். "என்னம்மா, வீட்டுல ஏதாவது கெட்ட செய்தியா?" என்று கேட்டார். "எங்கப்பா ரேமுக்கு வார்னிஷ் போட்டுட்டார் சார்" என்றேன். அவரும் மோட்டார் பிரிவிலிருந்து வந்தவர். "ஏன், போடக் கூடாதா?" என்றார்.

அந்தத் தங்கக் கலர் பற்கள் வெறுமையாக இருப்பது அவசரத்தால் இல்லை அப்பா. அவை வெறுமையாகத்தான் இருக்க வேண்டும். போர்டிலிருந்து கரண்ட்டும் பேச்சும் ரேமுக்குப் போகிற வழியே அவைதான். ஒரு பிளக்கின் பித்தளைக் காலுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டு, லைட் ஏன் எரியவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம் நாம் இரண்டு பேரும். நீங்கள் ஒழுங்காகப் போட்டதுதான் வினை. கொஞ்சம் மோசமாகப் போட்டிருந்தால் அங்கங்கே தொட்டுக்கொண்டு ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கும்.

மீட்டரை வாங்கிக்கொண்டு போன லேத்து மாமாவுக்கு என் சார்பில் கோடி நமஸ்காரம். அந்த மீட்டர் அனுப்புகிற வோல்டேஜுக்கு ரேம் நிஜமாகவே செத்திருக்கும்.

செய்ய வேண்டியது: கொஞ்சம் தின்னரைப் பஞ்சில் தொட்டு (தொட்டு, நனைத்து இல்லை) பற்களை மட்டும் மெதுவாகத் துடையுங்கள். கறுப்புச் சில்லுகள் பக்கம் போக வேண்டாம். வார்னிஷ் முழுசாகப் போனதும் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஸ்லாட்டில் வார்னிஷ் துகள் இருந்தால் காய்ந்த தூரிகையால் தட்டுங்கள். மாட்டுவதற்கு முன் அதன் மேல் வேறு எதையும் பூச வேண்டாம். எதையும்!

எது திறந்து கிடந்தாலும் அதற்கு ஏதாவது ஆகிவிடும் என்று பூசி மூடினால்தான் உங்களுக்கு நிம்மதி. என் விஷயத்திலும் அப்படித்தான். அதை நான் வந்து பேசிக்கொள்கிறேன்.

வாண்டு


மார்ச் 11

வாண்டு,

எட்டு.

மேலே எழுதியதை இன்னொரு தடவை படித்துக்கொள். நானும் திரையை மூடி மூடித் திறந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நீலத் திரையிலும் போய்ப் பார்த்தேன். இரண்டு நாற்காலியிலும் ஆள்.

பூசின கையே துடைத்தது. பூசும்போது இருந்த கர்வம் துடைக்கும்போது இல்லை. உயர்ந்த ரகம் என்று எழுதினேன் அல்லவா, அது உண்மைதான், லேசில் போகிறேன் என்று சொல்லவில்லை. கடையில் யாரும் பார்க்காமல் செய்துவிடலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டேன். தின்னர் நாற்றத்தை வைத்தே லேத்துக்காரர் கண்டுபிடித்துவிட்டார். "வெளிய யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்யா" என்று சத்தியம் செய்தார். மத்தியானம் நான் தேநீர் குடிக்கப் போனால், கல்லாவில் இருக்கிறவர், "அண்ணே, கிளாஸுக்கு ஒரு கோட் குடுத்துத் தரட்டுமா?" என்கிறார்.

ரேம் கடைக்காரரிடமும் போய், என் கைதான் காரணம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சத்தம் போடுவார் என்று பார்த்தேன். நாற்காலியில் உட்காரவைத்து முழுக் கதையையும் கேட்டார். கேட்டுவிட்டு, "சார், இத்தனை வருஷத்துல எனக்கு எல்லா கம்ப்ளைன்ட்டும் வந்திருக்கு. எலி கடிச்சு வந்திருக்கு, தண்ணி ஊத்தி வந்திருக்கு. வார்னிஷ் போட்டு யாரும் கொண்டுவந்ததில்ல" என்றார். நான் முதல் ஆள் என்பதில் அவருக்கு என் மேல் ஒரு மரியாதை வந்துவிட்ட மாதிரி தெரிந்தது.

இன்னொன்றும் செய்தேன். திட்டாதே. எட்டு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா? உன் படத்தைத் திறந்தேன். எதையும் அழிக்கவில்லை, அம்மா பக்கத்திலேயே காவல் நின்றாள். பாகங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, மூடிக்கொள்ளாமல், முழு மோட்டாராக வந்து நின்றது. மௌஸைத் தற்செயலாக நகர்த்தினேன், மோட்டாரே திரும்பியது. வருஷக்கணக்காக மோட்டாருக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடக்கிறவன் நான். எரிந்த பிறகு என்னிடம் வருவதைத்தான் பார்த்திருக்கிறேன். எரிவதற்கு முன்னால், செய்வதற்கே முன்னால், ஒருத்தி மனசில் இருக்கிற மோட்டாரை இப்போதுதான் பார்க்கிறேன். மேலே திருப்பினேன், கீழே திருப்பினேன், பின்பக்கம் போனேன். அம்மா, "போதுங்க, அதுக்குத் தலை சுத்திடும்" என்றாள்.

அடுத்த வருஷம் என்று இனிமேல் சொல்ல மாட்டேன். பின்னால் எதையும் ஒட்டவைக்காமல் சொல்கிறேன். நீ வந்து படத்தை முடி. அவர்கள் கூப்பிட்டால் ஸ்டோர் வேலையை விட்டுவிட்டுப் போய்ப் படி. நடுவில் ஏதாவது ஆனால் ஊரில் மோட்டார்கள் எரிந்துகொண்டுதான் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம்.

இனி போனிலேயே பேசிக்கொள்ளலாம் என்று அம்மா சட்டத்தைத் தளர்த்தியிருக்கிறாள். எனக்கென்னவோ எழுதுவது பழகிவிட்டது. பதினாறாம் தேதி காலையில் பஸ் நிலையத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டரை நீ வரும் வரைக்கும் தொட மாட்டேன், தூசிகூடத் தட்ட மாட்டேன்.

ஒரே ஒரு விஷயம். உன் படத்தில் காயில்களுக்குச் செம்புக் கலர் கொடுத்திருக்கிறாய். பளிச்சென்று நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பி வெறுமையாகத் தெரிகிறது. படம்தான், ஷார்ட் ஆகாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் வந்ததும் அதற்கு மட்டும் ஒரு கோட் வார்னிஷ் கலர் கொடுத்துவிடு. பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

அப்பா